ஊறாத துணி

அத்தியாயம் ஆறு

"பேய்த் துணி இதுக்கா. தண்ணியில போட்டா முங்க மாட்டேங்கு!"

மஞ்சப்பையை மேஜைமேல் வைத்த கையோடு வேலுத்தாய் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அல்லா பிச்சை கடித்த வடையை அப்படியே வாயில் நிறுத்தினான். இந்தத் துப்பறியும் ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து கள்ளக் கையெழுத்து பார்த்திருக்கிறான், கல்யாணத்துக்கு முதல்நாள் காணாமல் போன மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறான். நீச்சல் தெரிந்த துணியை இப்போதுதான் பார்க்கிறான்.

"பேயா பிசாசாங்கிறதைப் பொறவு பாப்போம். வெளியே எடு," என்றாள் ஞானபாக்கியம்.

மில்லில் தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்லியே பேர் வாங்கியவள் அவள். ராஜபாளையம் தென்காசி ரோட்டில், மருந்துக்கடை மாடியில் அவளுக்கு ஆபீஸ். அதிர்ந்து பேச மாட்டாள். அவள் கேள்வி கேட்டால் எதிராளிக்குத்தான் அதிரும்.

வேலுத்தாயின் கதையைக் கேட்டால் கல்லும் கரையும். அவள் புருஷன் சங்கையா பஞ்சு குடோனில் மூட்டை தூக்குகிறவன். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கிற ஒன்றிரண்டு நல்லவர்களுக்கும் சங்கடம். காணாமல் போன பேண்டேஜ் துணிப் பேலை, அந்தப் பெரிய பொதியை, நான்தான் திருடினேன் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி, எஸ்.ஐ. சங்கிலிப்பாண்டி அவன் வலது கையைத் தரையில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்தார். விரல் நாலும் நொறுங்கிப் போயின.

போலீஸ் தரப்பு சொன்னதோ வேறு. சங்கையா ஸ்டேஷன் வாசலையே மிதித்ததில்லையாம். வியாழக்கிழமை விடியலில் பேலோடு தனியாளாக ஓடியபோது மதில் சரிந்து கை நசுங்கியதாம். அந்த இடத்திலேயே பேலுக்கு சீல் வைத்து, போகிற வழியில் ஒரு டாக்டரிடம் அவனுக்குக் கட்டுப் போட்டு, இரண்டையும் கோர்ட்டில் ஒப்படைத்தார்களாம்.

போலீஸ்மேல் வந்த புகாரைப் போலீசே விசாரித்தால் விளங்கினாற்போலத்தான். அதனால் காக்கிச் சட்டை போடாத அதிகாரியான கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ. என்று ஊரில் சொல்வார்களே, அவர் விசாரிக்க வேண்டும் என்று கலெக்டர் உத்தரவு போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பயணியர் விடுதியில் விசாரணை. இன்று மத்தியானம் கடைசி அமர்வு. இன்றைக்கும் ஆதாரம் இல்லையென்றால் புகார் பொய் என்று எழுதி மூடிவிடுவார்கள். சங்கையா திருடனாகிவிடுவான். சங்கிலிப்பாண்டி அதே ஸ்டேஷனில் அதே பூட்சோடு நடமாடுவார்.

"எங்க வீட்டுக்காரவியளுக்கு ஜெயில்ல புதுக்கட்டு போட்டாவ. பழைய கட்டைக் கத்தரிச்சு, சட்டையோட சுருட்டி எங்கிட்டக் கம்பவுண்டரு குடுத்தாரு," என்றாள் வேலுத்தாய். "தொவைச்சுக் குடுப்போம்னு வாளியில போட்டா, மேலேயே மெதக்குது. அவிய உசுருதான் அந்தரத்துல நிக்குதோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. தொவைக்காமலே காயப்போட்டு வச்சிருக்கேன்."

ஞானபாக்கியம் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். கீழே மருந்துக்கடையிலிருந்து வாங்கிய புது பேண்டேஜில் ஒரு துண்டைப் போட்டாள். விறுவிறுவென்று தண்ணீரைக் குடித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பழைய கட்டில் தொங்கிய நூல்பிசிறைப் போட்டாள். அது ஜம்மென்று மேலேயே கிடந்தது.

"பிச்சை, நீ தறி ஓட்டினவன்தானே? என்னலே இது?"

"பேயுமில்ல பிசாசுமில்லக்கா. கோராத் துணி. தறியில இருந்து எறக்குனது, வெளுக்காதது. பஞ்சோட எண்ணெய்ப்பசையும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் போகாம இதுக்குத் தண்ணி எறங்காது. புண்ணுக்கு ஆகவே ஆகாது. இதை வச்சுக் கட்டுனவர் டாக்டர்னா, நான் கலெக்டர்."

"ஓரத்துல ஒரு நீல இழை ஓடுதே?"

"ஒவ்வொரு தறி ஷெட்டுக்காரரும் தன் துணின்னு தெரிய ஒரு கலர் இழை விடுவாக. இந்த நீலம் சத்திரப்பட்டிப் பக்கம்."

திருட்டுப் போனதாகச் சொன்ன பேலும் சத்திரப்பட்டி ஷெட்டுக்காரர் தனுஷ்கோடியுடையது. ஞானபாக்கியம் எழுந்துவிட்டாள்.

"வேலுத்தாயி, கட்டுப் போட்டது யாருன்னு சங்கையா எதுவும் சொன்னானா?"

"அரை மயக்கத்துல கெடந்தாவளாம். முகம் தெரியல. 'செத்த பொறுத்துக்கப்பா'ன்னு ஒரு குரல் மட்டும் கேட்டுச்சாம். அந்த ஸ்டேஷன்ல மனுசக் குரல்னா அது ஒண்ணுதான்னு சொல்லிச் சொல்லி அழுதாவ." வேலுத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

பழைய கட்டைச் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டினான் பிச்சை. ஒரு நொடி வேலை. ஞானபாக்கியம் அந்தக் கயிற்று முடிச்சையே பார்த்தாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, கட்டின்மேல் இருந்த முடிச்சையும் பார்த்தாள்.

"நீ எப்பவும் முடிச்சு இப்படித்தான் போடுவியா?"

"முடிச்சுன்னா இதுதானேக்கா? வேற எப்படிப் போடுவாக?"

ஞானபாக்கியம் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று பிச்சைக்கு விளங்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாளா என்ன?

*

தனுஷ்கோடியின் ஷெட்டில் தறிச் சத்தம் காதை அடைத்தது. கட்டின் ஓரத்திலிருந்து ஞானபாக்கியம் உருவி வந்த நீல இழையைப் பார்த்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம துணிதான்! பேலை அடையாளம் காமிக்கக் கூப்பிட்டப்பவும் இந்த நீலத்தைத்தான் எஸ்.ஐ.கிட்டச் சொன்னேன். லாரியில இருந்து விழுந்து ரோட்டோரம் கெடந்த பேலும்மா அது. செவ்வாக்கிழமை மத்தியானமே ஸ்டேஷன்ல போய்ப் பாத்து..."

அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"செவ்வாக்கிழமையா? வியாழக்கிழமைதானே பேல் கெடைச்சுதுன்னு போலீஸ் சொல்லுது?" என்றாள் ஞானபாக்கியம்.

தனுஷ்கோடியின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல தாயி. எனக்கு இந்த ஊர்ல தறி ஓடணும், லாரி ஓடணும். விசாரணைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீக. காலுல வேணா விழுதேன்."

"விழ வேண்டாம் அண்ணாச்சி, ஏற்கெனவே பேல் விழுந்துதான் இம்புட்டும்," என்றான் பிச்சை.

அவர்கள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தால், உள்ளே தனுஷ்கோடி டெலிபோனைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிச்சை வண்டியை அவசரமாக உதைத்தான்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் எட்டிப் பார்க்கும் தூரத்தில்தான் ஜீப் அவர்களை மறித்தது. பிச்சை டி.வி.எஸ். ஐம்பதை ஓரங்கட்டினான். எதிரே கோபுரம் தெரிகிறது, ஆண்டாளம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பட்டப்பகலில் என்ன செய்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான். அப்படியும் பயம் போகவில்லை.

சங்கிலிப்பாண்டி ஜீப்பிலிருந்து சாவகாசமாக இறங்கினார். கூடவே, நரைத்த மீசையோடு ஏட்டு சமுத்திரம் இறங்கினார். சங்கையா ஸ்டேஷனுக்கு வரவே இல்லை என்று முதல் அமர்விலேயே சாட்சி சொன்னவர் இந்த ஏட்டு.

"என்னம்மா, துணி ஏவாரம் ஆரம்பிச்சிருக்கீங்களாம்?" சங்கிலிப்பாண்டி கேரியரில் கட்டியிருந்த கூடையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். கயிறு படாரென்று அறுந்தது. உள்ளே செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது.

போச்சு! பிச்சை கண்ணை மூடிக்கொண்டான்.

பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், எஸ்.ஐ.யின் கையில் மூன்று வடை.

"ஆறிப் போச்சு. இருந்தாலும் சாப்பிடுங்க," என்றாள் ஞானபாக்கியம்.

துணி எங்கே? பிச்சை அவள் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேலுத்தாயை ராஜபாளையத்திலேயே பஸ் ஏற்றிவிட்டார்களே, அவள் மஞ்சப்பையில்தான் துணி! அடிப்பாவி, எங்கிட்டக்கூடச் சொல்லலையே!

சங்கிலிப்பாண்டி வடையை ரோட்டில் வீசினார். "சாயங்காலம் வரைக்கும் ஆடுங்க. அதுக்குப் பொறவு நீங்களும் இந்த ரோட்டுலதான் போகணும், நானும் இந்த ரோட்டுலதான் ரோந்து வரணும்." விருட்டென்று போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஏட்டு சமுத்திரம் உடனே ஏறவில்லை. மண்ணில் கிடந்த கூடையை எடுத்துத் தட்டி, கேரியரில் வைத்து, அறுந்த கயிற்றை இழுத்து முடிந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஏறினார்.

ஜீப் போன பிறகு ஞானபாக்கியம் குனிந்து அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. சந்தோஷமா சங்கடமா என்று பிச்சையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

பயணியர் விடுதிக் கூடத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. கோட்டாட்சியர் இளவயசுக்காரர். சிரிக்கவும் மாட்டார், சினக்கவும் மாட்டார். ஒரு பக்கம் வேலுத்தாய், மறுபக்கம் சங்கிலிப்பாண்டி, கதவோரம் ஏட்டு சமுத்திரம்.

மஞ்சப்பையிலிருந்து கட்டு வெளியே வந்தது. அதைக் கத்தரித்து எடுத்தவர் தான்தான் என்று ஜெயில் கம்பவுண்டர் அடையாளம் சொல்லிவிட்டுப் போனார். ஞானபாக்கியம் டம்ளரில் தண்ணீர் கேட்டாள். கோட்டாட்சியரே நூலைப் போட்டுப் பார்த்தார். மிதந்தது.

"ஆக, இது டாக்டர் கட்டியது இல்லை," என்றார் அவர்.

"ஓரத்தில் நீல இழையையும் பாருங்கய்யா. திருட்டுப்போன பேலுக்கு அடையாளமே நீல இழைதான்னு போலீசோட வழக்கிலேயே இருக்கு. சீல் வைத்த பேலில் இருந்து இந்தத் துணி எப்படி வெளியே வந்தது?"

பிச்சை பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பெருமை நெடுநேரம் நிலைக்கவில்லை. சங்கிலிப்பாண்டி சத்தம் போட்டுச் சிரித்தார்.

"ஐயா, இந்தம்மாவுக்கு நான் கும்பிடு போடணும். கை நசுங்கினதும் திருடின துணியிலேயே கிழிச்சு அவனே கட்டிக்கிட்டான். அதுக்கு அப்புறம்தான் நாங்க பிடிச்சோம், சீல் வச்சோம். திருடினதுக்கு இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்?"

வேலுத்தாயின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயையோ, நானே கொண்டாந்து குடுத்துட்டேனே, எங்கையாலேயே அவியளை உள்ள தள்ளிட்டேனே," என்று முனகினாள். அவள் சொன்னது நியாயம்தானே? பிச்சைக்குத் தன்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

ஞானபாக்கியம் மட்டும் அசையவில்லை.

"அப்போ டாக்டர் கட்டினார்னு நீங்க முதலில் சொன்னது?"

"ஞாபகப் பிசகு. நாளைக்கு நாற்பது கேஸ் பாக்கோம்."

"அவனேதான் கட்டிக்கிட்டான். கூட்டாளி யாராவது கட்டிவிட்டிருந்தா?"

"கூட்டாளியே கிடையாது. தனியாளாத்தான் ஓடி வந்தான். கண்ணால் பாத்தவங்க சாட்சி சொல்லியிருக்காங்க. அதுல மாத்தமே இல்ல."

"எழுதிக்கிடுங்கய்யா," என்றாள் ஞானபாக்கியம். "பிச்சை, இங்கே வா. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கோ. இடது கையால் மட்டும் ஒரு முடிச்சுப் போடு. நீ எப்பவும் போடுவியே, அந்த முடிச்சு."

மேஜைமேல் சணல் கயிறு கிடந்தது. பிச்சை இடது கையால் ஒரு நுனியை மடக்கினான். அடுத்த நுனி வழுக்கியது. பல்லால் கடித்தான். கயிறு மூக்கில் சுற்றிக்கொண்டது. கோட்டாட்சியரின் உதடு லேசாகத் துடித்தது. அவர் சிரிப்புக்கு மிக அருகில் வந்தது அன்றைக்கு அப்போதுதான்.

"முடியலக்கா. இது ரெண்டு கை வேலை. ஒரு கை வளையத்தைப் பிடிக்கணும், மறு கை நுனியை உள்ள விட்டுச் சுத்தணும்."

"இந்தக் கட்டுல உள்ளதும் அதே முடிச்சுதாங்கய்யா. தறியில் இழை அறுந்தால் நெசவாளி போடுகிற முடிச்சு. சங்கையா மூட்டை தூக்குகிறவன், தறியைத் தொட்டதே இல்லை. அவனுக்கு அப்போ இருந்ததும் ஒரே கை. கூட்டாளியும் கிடையாதுன்னு இப்போ எஸ்.ஐ. சொல்லிட்டார்."

சங்கிலிப்பாண்டியின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்படியானால் பேலுக்கு சீல் வைக்கும் முன்னால், ரெண்டு கை உள்ள இன்னொருத்தர் இதைக் கட்டியிருக்கார்," என்றார் கோட்டாட்சியர். "யார் அது? உங்களுக்குத் தெரியுமா?"

அப்போதுதான் பிச்சைக்குப் பொறி தட்டியது. கூடைக் கயிறு! கேரியரில் ஏட்டு போட்டது, அவன் போடுவது போலவே ஒரு முடிச்சு. தன் கை போடுகிற முடிச்சாகவே இருந்ததால் அது அவன் கண்ணில் படவே இல்லை. மடையன், மடையன்! ஞானபாக்கியத்தின் காதருகே குனிந்தான்.

"அக்கா, கயிறு வாசல்ல வண்டியிலேயே இருக்கு. அவுத்துட்டு வாரேன்."

அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இரு. அந்த ஸ்டேஷன்ல இரக்கப்பட்டவர் அவர் ஒருத்தர்தான். அவரைப் போய் நாம் பிடிச்சுக் குடுக்கவா?" என்றாள் மெதுவாக. பிறகு கோட்டாட்சியரிடம், "தெரியும்யா. ஆனா நான் பேர் சொன்னா அது குற்றம் சாட்டுனதா ஆயிரும். அவர் செஞ்சது குத்தமில்ல. அவரா சொல்லணும்," என்றாள்.

"சொல்லலைன்னா?"

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வேலுத்தாய் உட்பட எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். "சரி. இந்தத் துணியைப் பொட்டலம் கட்டி சீல் வைக்கணும். சீல் அரக்கு வாங்கப் போன என் பியூனைக் காணோம். ஏட்டு, நீங்க கட்டுங்க."

சமுத்திரம் கதவோரத்திலிருந்து வந்தார். பொட்டலத்தின்மேல் கயிற்றைச் சுற்றினார். இரண்டு நுனியும் கைக்கு வந்தபோது சங்கிலிப்பாண்டியின் குரல் கேட்டது.

"சமுத்திரம், சாதா முடிச்சாப் போடும்!"

கோட்டாட்சியர் தலை நிமிர்ந்தார்.

"ஏன் எஸ்.ஐ., இவர் வேற எப்படிப் போடுவார்?"

சங்கிலிப்பாண்டி கைக்குட்டையைத் தேடினார். நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியது. "இல்லய்யா... சும்மா... சீக்கிரம் முடியட்டுமேன்னு..."

சமுத்திரத்தின் கையில் கயிறு அப்படியே நின்றது. சாதாரண முடிச்சுப் போட்டுவிடலாம். யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பென்ஷனுக்குக் கொஞ்ச வருஷந்தான் பாக்கி என்று அந்த நரைத்த மீசையே சொல்லியது. போட்டுவிடுவார், சாதா முடிச்சைத்தான் போடுவார் என்று பிச்சை மனசுக்குள் அடித்துச் சொன்னான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் அவனுக்குத் தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது.

ஏட்டு ஒரு நுனியை மடக்கினார். வளையத்தை இடது கைப் பெருவிரலில் பிடித்தார். மறு நுனியை உள்ளே விட்டு, சுற்றி, இழுத்தார். கண் இமைக்கும் நேரம்தான். பொட்டலத்தை மேஜையில், கோட்டாட்சியருக்கு முன்னால், முடிச்சு மேலே தெரியும்படி வைத்தார்.

"எங்கப்பா தறிக்காரருங்கய்யா," என்றார். "செவ்வாக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன்ல வச்சு நாந்தான் கட்டினேன். வேற துணி கெடைக்கல, பேலைத்தான் கிழிச்சேன். அன்னைக்கு முடிச்சைக் கை தானாப் போட்டுருச்சு. இன்னைக்கு நான் போட்டிருக்கேன்."

"யோவ்!" என்று எழுந்தார் சங்கிலிப்பாண்டி.

"உட்காருங்க," என்றார் கோட்டாட்சியர். குரல் உயரவில்லை. ஆனால் சங்கிலிப்பாண்டி உட்கார்ந்துவிட்டார். "முதல் அமர்வில் வேற மாதிரி சொன்னீங்களே ஏட்டு?"

"பொய் சொன்னேன்யா. பயம். அந்தக் கை என் கண்ணுலேயே நிக்குது, தூக்கமே இல்ல. மிதிச்சது யாருன்னும் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

வேலுத்தாய்க்கு அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கோட்டாட்சியரின் பேனா நின்றது. ஞானபாக்கியம் எழுந்து அவளைப் பிடிக்கப் போனாள். அதற்குள் சமுத்திரம் அவள் பக்கம் திரும்பினார்.

"செத்த பொறுத்துக்கம்மா," என்றார். "ஐயா எழுதி முடிக்கட்டும்."

வேலுத்தாயின் அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

"நீங்கதானா அண்ணாச்சி, அது?"

ஏட்டு தலையை ஆட்டினார். இவ்வளவு நேரம் கல்லாக நின்ற மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலுத்தாய் எழுந்து போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருக்கும் அல்லா பிச்சை, அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.